குறிப்புக் கட்டம்

பாபுராவ் தெரு லாட்ஜில் இரவு மேனேஜர் என்றால்
ஒரு சாவிப் பலகை, ஒரு டி.வி.
சத்தம் வைக்கக் கூடாது.
மேலே ஏதாவதொரு அறையில் யாராவது ஒருவர்
அப்போதுதான் கண் அசந்திருப்பார்.

எனக்குக் கால்பந்து தெரியாது.
காட்பாடிக்காரன், கிரிக்கெட்தான்.
மால்டாவிலிருந்து மனைவி, எக்ஸ்ரே உறைகள்,
ஒரு ஸ்டவ் சகிதம் 207க்கு வந்த நிருபம் ஹல்தார்
முதல் ராத்திரி கேட்டது
வெந்நீர் எத்தனை மணிக்கு என்றல்ல,
ஒன்றரைக்கு அந்தச் சேனல் வருமா என்று.

வந்தது.
பிப்ரவரி. பதினாறு அணி மிச்சம்.
எவனோ ஊரில் பனி கொட்ட
வாயில் புகை விட்டுக்கொண்டு ஓடினார்கள்.
சோபாவில் ஹல்தார்.
படியில் ஷஃபிகுல், குல்னா,
மகனுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
தரையில் 112இன் ஜர்னா, பால் விடாத டீயோடு.
கோல் விழுந்தால் கத்த முடியாது,
தொடையில் அறைந்துகொள்வோம்.
நாலு பேர், நாலு அறை.
அதற்கே 104 கதவைத் திறந்து பார்த்தார்.

இங்கே ஒன்று, அங்கே ஒன்று,
இரண்டையும் கூட்டித்தான் தீர்ப்பு,
முதல் ஆட்டம் தோற்றால் தோற்றதாகாது
என்று ஹல்தார் விரல் மடக்கிச் சொன்னார்.
முதல் கோர்ஸ் மருந்து கேட்கவில்லை என்று
சீட்டு வந்த அன்று
பந்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஸ்கோரை நான் ரெஜிஸ்டரில் எழுதினேன்.
பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம்,
ஓரத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
யாரும் நிரப்பியதில்லை.
ஓனர் ஏகாம்பரம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்:
என்னய்யா இது, ரெண்டு ஒண்ணு?
வெந்நீர் பக்கெட்டா?
மூணுக்கும் காசு வாங்கினியா?

ஏப்ரலில் அவர்கள் ஊரில்
கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டார்களாம்.
ஆட்டம் நமக்குப் பன்னிரண்டரைக்கே வந்தது.
யாரைக் கேட்டுத் தள்ளினார்கள் என்றாள் ஜர்னா.
மலைப் பாறை நடுநிசியிலும்
அணைத்த அடுப்பு மாதிரி தகித்தது.
கால் இறுதிக்கு ஷஃபிகுல் இல்லை.
மகனுக்கு எண்ணிக்கை ஏறிவிட்டது,
அவர் அணி வெளியேறிவிட்டது,
இரண்டையும் ஒரே வாரத்தில் வாங்கிக்கொண்டு
சிரிக்கவா என்று கேட்பதுபோல் ஆட்டோ ஏறினார்.

112.
பகல் மேனேஜர் கையெழுத்து.
போன நேரம் 2.40. குறிப்பு காலி.
கவுண்டருக்குக் கீழே அவள் டம்ளர்.

அரை இறுதி, முதல் ஆட்டம் மூன்றுக்கு மூன்று.
அடுத்ததற்குள் ஹல்தாருக்குச் சொல்லிவிட்டார்கள்:
இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.
டிக்கெட் கிடைத்தது ஆட்டத்தன்று.
நான் ஒவ்வொரு கோலாக அனுப்பினேன்,
இருவருக்கும் பொதுவான அரைகுறை ஹிந்தியில்.
கூடூர் தாண்டியதும் ஒற்றை டிக்.
விடிந்து ராஜமுந்திரியில்
அத்தனையும் ஒரேயடியாக நீலம்.
பதில் ஒன்றுதான்:
அவள் விழித்துத்தான் இருந்தாள். சொன்னேன்.

இறுதி ஆட்டத்துக்கு
முதல் சுற்றில் உட்கார்ந்தவன் நான் மட்டும்.
தன்பாத் குடும்பம் ஒன்று
சோபாவில் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்கியது.
தொண்ணூறு, அப்புறம் நூற்றிருபது,
பெனால்டிக்குப் பந்தை வைக்கும்போது
தெரு முழுக்கக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டரில் ஊசி மருந்து ஃப்ரிட்ஜ் மட்டும் முனகியது.

போன் அதிர்ந்தது. மால்டா.
முதல்: உள்ளே.
அந்தப் பக்கமும் உள்ளே.
இரண்டு: கம்பம்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இன்றைய தேதியின் குறிப்பில் எழுதினேன்.
மூன்று: உள்ளே. நான்கு: பிடித்துவிட்டான்.
பிறகு வெகுநேரம் 'டைப் செய்கிறார்',
நின்றது, மறுபடி 'டைப் செய்கிறார்'.

வாசலில் ஒரு பெட்டியின் சக்கரச் சத்தம்.
நீல உறையை மார்போடு அணைத்த பெண்,
அவள் தோளில் சாய்ந்து ஒருவர்.
ரூம் இருக்கா பாய்யா, கீழ்த்தளத்தில்?
112இன் சாவியை எடுத்தேன்.
வந்த நேரம் 3.10.
பேனாவை அவளிடம் நீட்டும்போது
போன் மேஜையில் நகர்ந்துகொண்டிருந்தது.